தமிழா, இங்கிலீஷா, மியூட்டா: மேட்ச் பாக்கும்போது எந்த கமெண்ட்ரி வைக்கிறது?

ஒரு காலத்துல இந்த கேள்விக்கே இடம் கிடையாது. தூர்தர்ஷன்ல என்ன வருதோ அதான் கமெண்ட்ரி, கொஞ்ச ஓவர் இந்தி கொஞ்ச ஓவர் இங்கிலீஷ்னு மாறி மாறி வரும், இந்தி ஆரம்பிச்சதும் டிவி சவுண்டை குறைச்சிட்டு ரேடியோவை தூக்கி பக்கத்துல வச்ச வீடுங்க நம்ம ஊர்ல எக்கச்சக்கம். இப்ப கதை வேற. 2017ல ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்துச்சு, 2023 ஐபிஎல்ல ஜியோசினிமா 12 மொழியில கமெண்ட்ரி குடுத்தாங்க, போஜ்புரி வரைக்கும் இருந்துச்சு. ஆக ரிமோட் கைல இருக்கவன் முடிவு பண்ணியே ஆகணும். எங்க வீட்ல ஒவ்வொரு சீசனும் மொத வாரம் இதுக்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும், அப்பாவுக்கு தமிழ் வேணும், தம்பிக்கு இங்கிலீஷ் வேணும், அம்மாவுக்கு எதுவுமே வேணாம் வால்யூமை குறைங்கடா போதும்.

சரி எதை வச்சு முடிவு பண்றதுன்னு யோசிச்சா எனக்கு ஒரே ஒரு அளவுகோல் தான். டிவில படம் ஓடிட்டு இருக்கு, பந்து எங்க போச்சுன்னு எனக்கே தெரியுது. அப்புறம் "பந்து எல்லைக்கோட்டை நோக்கி போகுது போகுது போயிடுச்சு"ன்னு எனக்கு எதுக்கு சொல்றீங்க? அது ரேடியோக்காரங்க வேலை. அப்துல் ஜப்பார் மாதிரி ஆளுங்க வானொலில அதை தமிழ்ல அவ்வளவு அழகா பண்ணாங்க, கண்ணு இல்லாத இடத்துல கண்ணா இருந்தாங்க, 2020 டிசம்பர்ல அவர் காலமானப்ப எங்கப்பா வயசு ஆளுங்க எல்லாம் சொந்தக்காரர் போன மாதிரி பேசிக்கிட்டாங்க. ஆனா டிவி கமெண்டேட்டர் வேலை அதுக்கு நேர் எதிர். ஸ்கிரீன்ல தெரியாததை சொல்லணும், தெரியிறதை பத்தி வாயை மூடிக்கணும். இந்த ரெண்டையும் யார் பண்றாங்களோ அந்த ஃபீடை, அதாவது அந்த கமெண்ட்ரி வர்ற ஒளிபரப்பை வைக்கலாம். அவ்வளவு தான் என் லாஜிக்.

தெரியாததுன்னா என்ன? ஒரு பந்தை எடுத்துக்கோங்க. கடைசி ஓவர், ரைட் ஹேண்ட் பேட்ஸ்மேன், ஃபாஸ்ட் பவுலர் ஓடி வரப்போறான். கேமரா பவுலருக்கு பின்னாடி இருந்து காட்டுது, உங்களுக்கு பிட்ச்சும் பேட்ஸ்மேனும் கீப்பரும் தான் தெரியுது. ஃபைன் லெக் (பேட்ஸ்மேனுக்கு பின்னாடி லெக் சைடுல நிக்கிற ஃபீல்டர்) உள்வட்ட சர்க்கிளுக்கு உள்ள நிக்கிறானா வெளிய நிக்கிறானா, தேர்ட் மேன் (அதே மாதிரி ஆஃப் சைடுல பின்னாடி நிக்கிறவன்) எங்க, டீப் பாயிண்ட் (ஆஃப் சைடுல எல்லைக்கோட்டு பக்கம் நிக்கிறவன்) இருக்கா, ஒண்ணும் தெரியாது. நல்ல கமெண்டேட்டர் அந்த இடத்துல பந்து போடறதுக்கு முன்னாடியே ஒரு வரி சொல்லுவாரு: "ஃபைன் லெக்கை உள்ள கூட்டிட்டாங்க, தேர்ட் மேனும் பாயிண்ட்டும் பின்னாடி, அப்ப ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய வைடு யார்க்கர் தான் வரப்போகுது, கொஞ்சம் உள்ள வந்தா ஃபைன் லெக்ல ஃபோர்." யார்க்கர்னா பேட்ஸ்மேன் காலடில குத்துற பந்து. அவ்வளவு தான், அந்த ஒரு வரில நான் அந்த பந்தை வேற மாதிரி பாப்பேன், பவுலர் தப்பு பண்ணா அது தப்புன்னு எனக்கே தெரியும். மோசமான கமெண்டேட்டர் அதே நேரத்துல முந்தின பந்துல போன சிக்ஸர் எத்தனை மீட்டர்னு பேசிட்டு இருப்பாரு. பந்து போட்டு ஃபோர் போனதும் "என்ன அடி சார்"ம்பாரு. அது என்ன அடி, பவுலர் போட்ட லெக் சைடு ஃபுல் டாஸ்.

வாயை மூடுறதுக்கு எல்லாரும் சொல்ற பேரு ரிச்சி பெனோ, நானும் அதையே தான் சொல்லப்போறேன், வேற வழி இல்ல. 63 டெஸ்ட் ஆடி 248 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர், ஆஸ்திரேலியா கேப்டனா ஒரு சீரிஸ் கூட தோத்ததில்ல. அந்த மாதிரி ஆளு நினைச்சிருந்தா ரிட்டையர் ஆனதும் நேரா மைக் முன்னாடி உக்காந்து "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சிருக்கலாம். ஆனா அவரு ஆடிட்டு இருக்கும்போதே, 1956ல இங்கிலாந்து டூர் முடிஞ்சதும் லண்டன்லயே தங்கி பிபிசில டிவி டிரெய்னிங் எடுத்தவரு. அது ஒரு தொழில், கத்துக்கணும்னு அவருக்கு தோணியிருக்கு பாருங்க. 1993 ஜூன்ல மான்செஸ்டர்ல ஆஸ்திரேலியா லெக் ஸ்பின்னர் வார்ன் போட்ட அந்த பந்து, ஆஷஸ்ல (இங்கிலாந்து ஆஸ்திரேலியா டெஸ்ட் சீரிஸ்) அவரோட முதல் பந்து, லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய குத்தி ஆஃப் ஸ்டம்ப்பை தட்டின அது, அதுக்கு பெனோ கத்தவே இல்ல. அவுட்டான இங்கிலாந்து பேட்ஸ்மேன் கேட்டிங்குக்கு என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுமே புரியலன்னு சொன்னாரு, கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னும் புரியலன்னு சேத்தாரு. லெக் ஸ்பின் போட்டே வாழ்ந்த ஆளு, அந்த பந்தை பத்தி அரை மணி நேரம் கிளாஸ் எடுக்க முடியும், ஆனா அந்த நேரத்துல கேட்டிங் மூஞ்சி தான் விஷயம்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு.

அதுக்காக கத்தவே கூடாதுன்னு சொல்ல வரல. 1998 ஏப்ரல்ல ஷார்ஜால சச்சின் அடிச்சப்ப டோனி க்ரெய்க் போட்ட சத்தம் இல்லாம அந்த இன்னிங்ஸை நினைச்சு பாக்க முடியுதா? கொல்கத்தால 2016 டி20 உலகக்கோப்பை ஃபைனல், வெஸ்ட் இண்டீஸுக்கு கடைசி ஓவர் 19 ரன் வேணும், இங்கிலாந்தோட ஸ்டோக்ஸ் பந்துல பிராத்வெயிட் வரிசையா நாலு சிக்ஸ், இயன் பிஷப் "ரிமெம்பர் தி நேம்"னு கத்தினாரு. அது சத்தத்தால மட்டும் நிக்கல. பிராத்வெயிட் யாருன்னு அன்னிக்கு உலகத்துல பாதி பேருக்கு தெரியாது, அந்த நிலைமைல அந்த பேரை ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னதுல ஒரு தகவலே இருக்கு. பிஷப் யங் பிளேயர்ஸை தேடித்தேடி பாக்குற ஆளு, அண்டர் 19 மேட்ச்னா கூட அவர்கிட்ட பசங்களோட பின்னணி எல்லாம் இருக்கும். ஹோம்வொர்க் பண்ணவன் கத்தினா அது கேக்கும். எல்லா சிக்ஸருக்கும் ஒரே டெசிபல்ல கத்துறவன் கத்தினா அது பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி, கொஞ்ச நேரத்துல காதே கண்டுக்காது.

இப்ப ஆப்ஷன் ஒவ்வொண்ணா பாப்போம்.

இங்கிலீஷ் ஃபீடு. இதுலயே ரெண்டு வகை இருக்கு, இதை கலந்து பேசுறதால தான் பாதி சண்டையே வருது. ஒண்ணு இங்கிலாந்து, ஆஸ்திரேலியால நடக்குற டெஸ்ட்டுக்கு வர்ற கமெண்ட்ரி, இன்னொண்ணு ஐபிஎல் வேர்ல்டு ஃபீடு, அதாவது எல்லா நாட்டுக்கும் போற பொது இங்கிலீஷ் ஒளிபரப்பு. முதல் வகை தான் என்னை பொறுத்தவரைக்கும் இன்னிக்கும் பெஸ்ட். ஆதர்டனும் நாசர் ஹுசைனும் சேந்து உக்காந்தா, ரெண்டு பேருமே பழைய கேப்டன்ங்க, ஃபீல்டிங் செட்டிங்கை பத்தி பேசுறதை கேட்டுட்டே இருக்கலாம், இங்கிலாந்தை திட்டணும்னா முதல் ஆளா அவங்களே திட்டுவாங்க (நாசர் பொறந்தது நம்ம மெட்ராஸ்ல தான், அந்த பாசம் கொஞ்சம் எனக்கு இருக்கலாம், கணக்குல எடுத்துக்காதீங்க). மைக்கேல் ஹோல்டிங் 2020 ஜூலைல சவுத்தாம்ப்டன்ல மழைல மேட்ச் நின்னப்ப இனவெறி பத்தி பேசினாரே, மழைன்னா பழைய ஹைலைட்ஸ் போடுவாங்கன்னு எழுந்து போன ஆளுங்க எல்லாம் திரும்பி வந்து உக்காந்தாங்க. நம்ம தினேஷ் கார்த்திக் கூட 2021 ஜூன்ல வேர்ல்டு டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு அங்க தான் மைக் புடிச்சாரு, அப்ப அவரு இன்னும் ஆடிட்டு இருந்த பிளேயர். அந்த கூட்டத்துல உக்காந்து அசராம பேசினாரு, தயாரா வந்திருக்காருன்னு கேட்டாலே தெரிஞ்சுது. அடுத்த மாசமே பேட்டை அடுத்தவன் பொண்டாட்டியோட ஒப்பிட்டு ஒரு ஜோக் அடிச்சு மன்னிப்பும் கேக்க வேண்டியதா போச்சு. ஜோக் அடிச்சே ஆகணும்ங்கிற நினைப்பு வந்துட்டா எவ்வளவு தயாரா வந்த ஆளும் வழுக்கிடுவாங்க.

ஐபிஎல் வேர்ல்டு ஃபீடு வேற உலகம். அங்க கமெண்டேட்டரை புக் பண்றதே பிசிசிஐ. ஆரம்ப வருஷங்கள்ல சிக்ஸ் போனா சிக்ஸ்னு சொல்ல முடியாது, ஸ்பான்சர் பேரை சேத்து டிஎல்எஃப் மேக்ஸிமம், கேட்ச்சுன்னா கார்பன் கமால் கேட்ச், நடுவுல மேல பறந்துட்டு இருந்த எம்ஆர்எஃப் பலூனை வேற காட்டி காட்டி புகழணும். பேட்ஸ்மேன் அவுட்டாகி போறான், இவங்க பலூனை பாத்துட்டு இருக்காங்க. இப்ப அது அவ்வளவு இல்ல, ஆனா அந்த பழக்கம் வேற ரூபத்துல இருக்கு, எல்லா கேட்ச்சும் உலகத்தரம், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத எல்லா அன்கேப்டு பையனும் அடுத்த சூப்பர் ஸ்டார், அம்பயர் தப்பு பண்ணா மட்டும் திடீர்னு அமைதி. மைக்குக்கு சம்பளம் குடுக்கிறவன் யாருன்னு பாத்தாலே எது பேசுவாங்க எது பேச மாட்டாங்கன்னு பாதி தெரிஞ்சிடும். டிஆர்எஸ் (அம்பயர் முடிவை ரிவ்யூ பண்ற முறை) பத்தியும் டீம் செலக்ஷன் பத்தியும் பேசக்கூடாதுன்னு கண்டிஷன் வந்தப்ப ஆஸ்திரேலியாவோட பழைய கேப்டன் இயன் சேப்பல் அந்த வேலையே வேணாம்னுட்டாரு. அவரு மாதிரி சொல்ல எத்தனை பேருக்கு வசதி இருக்குன்னும் யோசிக்கணும், சும்மா வீரம் பேசிட முடியாது.

இந்த சேப்பலை பத்தி சொல்லும்போது 1981 பிப்ரவரி 1 மெல்போர்ன் மேட்ச்சை சொல்லாம போக முடியல. நியூசிலாந்துக்கு மேட்ச்சை டை பண்ணவே கடைசி பந்துல 6 ரன் வேணும், ஆஸ்திரேலியா கேப்டன் க்ரெக் சேப்பல், பவுலர் அவரு தம்பி ட்ரெவர், அண்ணன் சொன்னதை கேட்டு தம்பி பந்தை கைக்கு அடில தரையோட உருட்டி விட்டாரு. அன்னிக்கு கமெண்ட்ரில இருந்தது மூத்தவரு இயன். க்ரெக் வேணாம், இப்படி பண்ணக்கூடாதுன்னு லைவ்லயே சொன்னாரு. அப்புறம் பெனோ வந்து, தான் கிரிக்கெட் கிரவுண்ட்ல பாத்ததுலயே ரொம்ப மோசமான காரியங்கள்ல இது ஒண்ணுன்னு முடிச்சாரு. கூடப்பொறந்தவன் ஒருத்தன், அதே நாட்டோட பழைய கேப்டன் ஒருத்தர், ரெண்டு பேரும் ஜெயிச்ச டீமை அந்த நிமிஷத்துலயே கிழிச்சாங்க.

இதுக்கு பக்கத்துல நம்ம ஊர் கதையை வச்சு பாருங்க. 2016 மார்ச்ல பெங்களூர்ல பங்களாதேஷை ஒரு ரன்ல ஜெயிச்சோம். அது முடிஞ்சதும் அமிதாப் பச்சன் ஒரு ட்வீட் போட்டாரு, இந்திய கமெண்டேட்டர் எப்பவும் அடுத்தவங்களை பத்தியே பேசாம நம்ம பிளேயர்ஸை பத்தி கொஞ்சம் பேசினா நல்லாருக்கும்னு, அதை தோனி எடுத்து போட்டு இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சு ஐபிஎல் கமெண்ட்ரி லிஸ்ட்ல ஹர்ஷா போக்ளே பேரை காணோம். இதனால தான் அதுன்னு யாரும் ஒப்புக்கல, ஆனா பாத்தவங்க எல்லாம் அப்படித்தான் நினைச்சாங்க. அப்புறம் திரும்ப வந்துட்டாரு, அது வேற. நான் தோனி வெறியன் தான், ஆனா இந்த விஷயத்துல தலைவரோட ஒத்துப்போக முடியல. 2019 லார்ட்ஸ் ஃபைனல்ல நியூசிலாந்து சூப்பர் ஓவரும் டை ஆகி பவுண்டரி கணக்குல தோத்துச்சு, அந்த கடைசி ரன் அவுட்டுக்கு மைக்ல இருந்தது நியூசிலாந்தோட பழைய கீப்பர் இயன் ஸ்மித். இங்கிலாந்து மயிரிழைல உலகக்கோப்பையை ஜெயிச்சிடுச்சுன்னு ரெண்டு தடவை சொன்னாரு, மனசு உடைஞ்சிருக்கும், குரல்ல எங்கயாச்சும் தெரியுதா? இன்னிக்கு இங்கிலாந்துக்காரன் அந்த கிளிப்பை தான் போட்டு பாக்குறான். நம்ம டீம்னு சாஞ்சு பேசுற கமெண்ட்ரி அன்னிக்கு ராத்திரிக்கு இனிக்கும், அடுத்த வருஷம் திரும்ப கேட்டா அதுல மேட்ச்சே இருக்காது.

ஆனா ரவி சாஸ்திரியை மட்டும் இந்த கணக்குல எங்க வைக்கிறதுன்னு எனக்கு தெரியல. ட்ரேசர் புல்லட், டாக்டர் சொன்ன மருந்துன்னு பத்து வாக்கியத்தை வச்சே வாழ்க்கையை ஓட்டினவரு, டெஸ்ட் மேட்ச் நடு செஷன்ல அவரு வந்தா நான் சேனல் மாத்துவேன். ஆனா 2011 ஏப்ரல் 2, உலகக்கோப்பை ஃபைனல், குலசேகரா பந்து, தோனி அடிக்கிறாரு, அந்த ஸ்டைல்ல முடிச்சாருங்கிற வரி, 28 வருஷத்துக்கு அப்புறம்ங்கிற வரி, அதை வேற எந்த குரல்லயும் என்னால நினைச்சு பாக்க முடியாது. 2007 டி20 உலகக்கோப்பை ஃபைனல்ல ஜோகன்னஸ்பர்க்ல ஸ்ரீசாந்த் கேட்ச் புடிச்சப்பவும் அவரு தான். பெரிய தருணத்துக்குன்னே பொறந்த குரல். அஞ்சு நாள் டெஸ்ட்டுக்கு அது ஒத்துவராது, அவ்வளவு தான்.

தமிழ் ஃபீடுக்கு வருவோம், இதை தான் நிறைய பேசணும். இது மேல எனக்கு இருக்கிற கோபமும் அதிகம், பாசமும் அதிகம்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். இங்கிலீஷ் டீம் கிரவுண்ட்ல கமெண்ட்ரி பாக்ஸ்ல உக்காந்திருக்கு, முழு மைதானமும் கண்ணுக்கு முன்னாடி. தமிழ் டீம் பெரும்பாலும் மும்பைல ஒரு ஸ்டுடியோல மானிட்டரை பாத்துட்டு பேசுது. அதாவது நீங்க பாக்குற அதே படத்தை தான் அவங்களும் பாக்குறாங்க. நான் மேல சொன்ன ஃபைன் லெக் விஷயம் அவங்களுக்கு தெரியறதுக்கு வழியே இல்ல, கேமராக்காரன் காட்டினா உண்டு. கேப்டன் பவுலர்கிட்ட போய் என்ன சைகை காட்டினான், பேட்டிங் டீம் டக்அவுட்ல யார் பேட் கட்டிட்டு எழுந்தான், காத்து எந்த பக்கம் அடிக்குது, எதுவும் தெரியாது. அப்ப என்ன பண்ணுவாங்க, தெரியிறதையே சத்தமா பேசுவாங்க, இல்லன்னா ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பாங்க. கலாய்க்கிறது அவங்க குறை மட்டும் இல்ல, உக்கார வச்ச இடத்தோட குறை. இருந்தாலும் மூணு பேர் ஒரே நேரத்துல பேசுறதுக்கு ஸ்டுடியோவை காரணம் சொல்ல முடியாது. ஒருத்தர் பந்தை சொல்லணும், இன்னொருத்தர் ரெண்டு பந்துக்கு நடுவுல விளக்கணும், உலகம் முழுக்க அதான் முறை. நம்மாளுங்க பண்றது டீக்கடை பெஞ்ச். "தல வர்றாரு தல வர்றாரு"ன்னு நாலு நிமிஷம் ஓடும், அதுக்குள்ள ரெண்டு பந்து போயிருக்கும், ஒண்ணுல ஒரு பையன் அழகா ஒரு கட் ஷாட் ஆடியிருப்பான், ரீப்ளே கூட பேச ஆள் இல்ல. அம்பயர்ஸ் கால் வந்தா "பெயில்ஸ்ல படுது சார் எப்படி நாட் அவுட்"னு கேப்பாங்க, பந்துல பாதிக்கு குறைவா ஸ்டம்ப்ல பட்டா அம்பயர் குடுத்தது தான் செல்லும்னு ஒரே வரி, இத்தனை வருஷமா அதை ஒழுங்கா சொல்லி குடுத்திருந்தா எங்கப்பா இன்னும் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் டிவியை திட்ட வேண்டியதில்ல.

பாசம் எதுக்குன்னா, இந்த டீமுக்கு தெரிஞ்ச சில விஷயம் வேர்ல்டு ஃபீடுல இருக்கவங்களுக்கு தெரியவே தெரியாது. பத்ரிநாத் சேப்பாக்கத்துல எத்தனை வருஷம் ரஞ்சி ஆடியிருப்பாரு, அந்த பிட்ச் எப்ப வழுக்கும் எப்ப நிக்கும்னு அவருக்கு கிராஃபிக்ஸ் தேவையில்ல. எல். பாலாஜி ஐபிஎல்ல முதல் ஹாட்ரிக் எடுத்தவரு, 2008ல, அதே சேப்பாக்கத்துல, அப்புறம் சிஎஸ்கேக்கு பவுலிங் கோச்சா இருந்தவரு, ஸ்லோ பால் எப்படி புடிக்கணும்னு அவரு விரலை காட்டி சொல்லும்போது நான் சும்மா உக்காந்து கேப்பேன். அபினவ் முகுந்த் இங்கிலீஷ் தமிழ் ரெண்டுலயும் பேசுறாரு, ரெண்டுலயும் நிதானம், எனக்கு இப்ப இருக்கவங்கள்ல அவரு தான் புடிச்சவரு. நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன் மாதிரி பசங்க டிஎன்பிஎல்ல (தமிழ்நாடு பிரீமியர் லீக்) இருந்து மேல வந்தவங்க, சென்னை லீக்ல இவங்களை பாத்த கண்ணு தமிழ் பாக்ஸ்ல இருக்கு. 2023 ஐபிஎல் ஃபைனல்ல சாய் சுதர்சன் 47 பந்துல 96 அடிச்சப்ப மத்த ஃபீடுக்கு அவன் குஜராத்தோட ஒரு இளம் பிளேயர், நம்மாளுங்களுக்கு அவன் தெரிஞ்ச பையன். அந்த நெருக்கத்தை காசு குடுத்து வாங்க முடியாது. ஆனா அதை வச்சு விஷயம் சொல்லுங்கப்பா, நம்ம பையன் நம்ம பையன்னு சொன்னதையே சொல்லாதீங்க.

ஸ்ரீகாந்த் தனி கேஸ். சில பேருக்கு தாங்காது, எனக்கு தாங்கும். 83 உலகக்கோப்பை ஃபைனல்ல ரெண்டு டீம்லயும் சேத்து அதிக ரன் அடிச்சவரு, 38 தான், ஆனா அந்த மேட்ச்ல அது தான் டாப் ஸ்கோர். பேட்டிங் எப்படியோ பேச்சும் அப்படியே, முன்கால் பின்கால் பாக்க மாட்டாரு, வாக்கியம் ஆரம்பிக்கும் முடியுமான்னு தெரியாது. ஆனா 2020 அக்டோபர்ல சிஎஸ்கே அடிமேல அடி வாங்கிட்டு இருக்கும்போது, இளம் பசங்ககிட்ட ஸ்பார்க் தெரியலன்னு தோனி சொன்னதுக்கு, அப்ப கேதார் ஜாதவ்கிட்ட ஸ்பார்க் தெரிஞ்சுதா, பியூஷ் சாவ்லாகிட்ட தெரிஞ்சுதான்னு தமிழ் சேனல்லயே உக்காந்து கேட்டவரு அவரு தான். தமிழ் சேனல்ல, தோனியை பத்தி. அந்த தைரியம் அந்த வருஷம் இங்கிலீஷ் ஃபீடுல நான் பாக்கல. சத்தத்தை குறைச்சிட்டு இந்த குணத்தை மட்டும் மத்தவங்க எடுத்துக்கிட்டா தமிழ் ஃபீடு எங்கயோ போயிடும்.

இந்தி பத்தி ரெண்டு வரி. எனக்கு இந்தி அரைகுறை, அதனால தீர்ப்பு சொல்ல உரிமை இல்ல, ஆனா 2021 ஜனவரில பிரிஸ்பேன்ல காபா கிரவுண்ட்ல ஜெயிச்சப்ப காபாவோட கர்வம் உடைஞ்சிடுச்சுன்னு விவேக் ராஸ்தான் சொன்ன அந்த வரி மொழி தெரியாதவனையும் புல்லரிக்க வச்சுது. நம்ம ஃபீடுல இருந்து அந்த மாதிரி ஊரே திருப்பி சொல்ற ஒரு வரி இன்னும் வரலங்கிறது எனக்கு உறுத்தல் தான்.

பழைய பிளேயரா இருந்தா தான் பேசணுமாங்கிறதையும் இங்கயே சொல்லிடறேன். 2019ல கொல்கத்தால பிங்க் பால் டெஸ்ட், பந்து கண்ணுக்கு தெரியுதான்னு பிளேயர்ஸ்கிட்ட கேக்கணும்னு, இந்தியாவுக்கு ஆடாத போக்ளே சொன்னதுக்கு, நீங்க கேக்கணும், ஆடின எங்களுக்கு தெரியும்ங்கிற மாதிரி பழைய பிளேயர் மஞ்ச்ரேக்கர் ஒரு குத்து குத்தினாரு. அப்புறம் அது தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. ஆடினவனுக்கு பதில் தெரியும், சரி, ஆனா கேள்வி கேக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துல இல்லன்னா அந்த பதில் வெளியவே வராது. தமிழ்ல நமக்கு ஆடினவங்க நிறைய கிடைச்சிட்டாங்க, அவங்ககிட்ட சரியான கேள்வி கேட்டு விஷயத்தை வாங்குற ஆளு தான் போதல. சினிமால இருந்தும் எஃப்எம்ல இருந்தும் கூட்டிட்டு வர்றாங்க, கலகலப்பு வருது, ஒத்துக்கிறேன், கேள்வி வரல.

மியூட். இதை நானே ஒரு சீசன்ல நிறைய மேட்ச்சுக்கு பண்ணி பாத்தேன், முதல் அரை மணி நேரம் சொர்க்கம். ஃபீல்டிங்கை நாமளே கவனிக்க ஆரம்பிப்போம், பவுலர் ரன்அப்ல என்ன மாத்தினான்னு தெரியும். ஆனா மியூட் போட்டா கமெண்டேட்டரோட சேந்து ஸ்டம்ப் மைக்கும் (ஸ்டம்ப்ல வச்சிருக்கிற மைக்) போயிடுது, கூட்டத்தோட சத்தமும் போயிடுது. 2024ல பூனே டெஸ்ட்ல பண்ட் கீப்பிங் பண்ணிட்டே வாஷிங்டன் சுந்தர்கிட்ட இந்தில இப்படி போடு, கொஞ்சம் வெளிய போடுன்னு ஐடியா குடுத்தாரு, பேட் பண்ணது மும்பைல பொறந்த நியூசிலாந்துக்காரர் அஜாஸ் படேல், அடிச்சாரு ஃபோர், இவருக்கு இந்தி தெரியும்னு எனக்கென்ன தெரியும்னு பண்ட் புலம்பினாரு. இதெல்லாம் மியூட்ல போச்சு. பேட்ல பந்து உரசுற அந்த சின்ன டிக் சத்தம் போச்சு, கேட்ச் பிஹைண்டுன்னு நமக்கே தெரிய வேண்டியது ரீப்ளே வரைக்கும் தெரியாது. கமெண்டேட்டர் இல்லாம கிரவுண்ட் சத்தம் மட்டும்னு ஒரு ஆடியோ ட்ராக் எல்லா மேட்ச்சுக்கும் குடுத்தா நான் சந்தாவை கூட ஏத்தி கட்டுவேன். பழைய மாதிரி ரேடியோவை வச்சு ஈடு கட்டலாம்னு பாத்தாலும் முடியாது, ஸ்ட்ரீம் எப்பவும் லேட்டு, விக்கெட் விழுந்தது காதுல கேக்கும், கண்ணுல அந்த பவுலர் இன்னும் ஓடி வந்துட்டு தான் இருப்பான்.

வேணும்னா மியூட்ல பாத்துட்டு, முடிஞ்சதும் அஷ்வின் யூடியூப் சேனல்ல அந்த மேட்ச்சை பத்தி தமிழ்ல என்ன சொல்றாருன்னு பாக்கலாம். லைவ் கமெண்ட்ரி ஆகாது, ஆனா ஒரு பவுலர் ஏன் அந்த ஓவரை அந்த எண்ட்ல இருந்து போட்டான்னு தமிழ்ல ஒருத்தர் பொறுமையா விளக்குறதை கேக்கும்போது, இதே தரத்துல லைவ்ல வந்தா எப்படி இருக்கும்னு ஏக்கமா இருக்கும்.

எங்க வீட்ல இப்ப ஓடுற ஏற்பாடு இது தான். டெஸ்ட்னா கண்ண மூடிட்டு இங்கிலீஷ், அதுவும் வெளிநாட்டு சீரிஸ்னா பேச்சே இல்ல, காலைல அஞ்சு மணிக்கு ஆஸ்திரேலியா மேட்ச்னா எல்லாரும் தூங்குறப்ப குறைச்ச வால்யூம்ல அந்த நிதானமான பேச்சு தான் சரிப்படும். சேப்பாக்கத்துல சிஎஸ்கே மேட்ச்னா தமிழ், கத்தினாலும் பரவால்ல, ஏன்னா பிட்ச்சை பத்தி அவங்க சொல்றது தான் நடக்கும், எட்டு பேர் உக்காந்து பாக்குற வீட்ல இங்கிலீஷ் வச்சா பாதி பேர் ஃபோனை நோண்ட ஆரம்பிச்சிடறாங்க. நமக்கு சம்பந்தமில்லாத ரெண்டு டீம் ஐபிஎல்ல ஆடினா முதல் பத்து ஓவர் மியூட், இல்லன்னா அந்த நேரத்துல வேற வேலை. மழை வந்து டிஎல்எஸ் (மழையால ஓவர் குறைஞ்சா டார்கெட்டை மாத்துற கணக்கு) டார்கெட் மாறினா மட்டும் எந்த மேட்ச்சா இருந்தாலும் இங்கிலீஷுக்கு மாத்திடுவோம், எத்தனை விக்கெட் போனா பார் ஸ்கோர் (அந்த நிமிஷத்துல இருந்தாகணும்ங்கிற ஸ்கோர்) எவ்வளவு ஏறும்னு தமிழ்ல யாராச்சும் பொறுமையா சொல்ற வரைக்கும் அப்பாவும் இதுக்கு ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு.